இளஞ்சூடு

முள் என்றார்கள் முதலில்.
திருக்கடலூரில் நாய் இருமினால்
வேறென்ன சொல்வார்கள்?
சூடை முள், காரல் முள்.
"வெறுஞ்சோத்தை உருட்டிக் குடு, இறங்கும்"
வலை பொத்திக்கொண்டே சொன்னார் அந்தோனிமுத்து.
கொடுத்தேன்.
விழுங்கினான் டிங்கி. இருமினான்.

கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்த கிழமை.
கோட்டை மான்கள் சந்தைவரை வந்து
கோவா இலை பொறுக்கும் நாட்கள்.
மானைக் கண்டால் மடத்தடிவரை துரத்துகிறவன்
படலையோடு நின்றுவிட்டான்.
குரைக்க எடுத்த மூச்சு
குரைப்பாய் வந்து சேரவில்லை.

பிறகுதான் கண்டேன்,
இடக்கண் வெள்ளையில் ஒரு சிவப்புப் பொட்டு.
நகம் வெட்டிய இடத்தில்
இரண்டு மணித்தியாலம் நிற்காத இரத்தம்.
பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றினேன்.
சாரமும் ஊறியது.

டொக்டர் ரெஜினா முள்ளைத் தேடவில்லை.
நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.
பிறகு என்னைக் கேட்டார்:
"நத்தை தின்னுவானோ?"

ஊரியைப் பொறுக்கிக் காதில் வைத்துக்
கடல் கேட்கிற ஊர் இது.
வாழையடி நத்தையை யார் கணக்கெடுத்தார்?
குழாயடியில் இரவெல்லாம் கிடக்கும் அவனது தண்ணீர்த் தட்டு.
காலையில் அதன் விளிம்பில்
வெள்ளி நூல் இழுத்ததுபோல் ஒரு கோடு.
மினுங்குகிறது என்று பார்த்திருக்கிறேன்.
கழுவியதில்லை.

நத்தையிலிருந்து குடலுக்கு,
குடலிலிருந்து இரத்தத்துக்கு,
இரத்தத்திலிருந்து மூச்சுக்கு
நடந்து போகுமாம் அந்தப் புழு.
அதன் குஞ்சுகள் இருமலோடு தொண்டைக்கு ஏறி
விழுங்கப்பட்டு வெளியே வருமாம்.
"மூண்டு நாள் மலம் வேணும்.
ஒருநாள் காட்டும், ஒருநாள் ஒளிக்கும்.
ஆனா எங்கட நுணுக்குக்காட்டிக்கு பல்ப் இல்லை."

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
பதினொரு வருடமாய் உதவியாள் நான்.
புனல் இருக்கிறது, இறப்பர் குழாய் இருக்கிறது, கவ்வி இருக்கிறது.
வடிதுணியில் மலத்தைப் பொட்டலம் கட்டி
இளஞ்சூட்டு நீரில் தொங்கவிட வேண்டும்.
எவ்வளவு சூடு என்றேன்.
"கன்னியாவில குளிச்சிருக்கிறீங்கள்தானே?
ஏழு கிணத்திலயும் சூடு குறைஞ்சது எதுவோ, அது.
அதையும் கொஞ்சம் ஆற விடுங்கோ."

இரவு முழுக்கத் தொங்கியது.
போத்தல் தவளைகள் பார்த்திருந்தன.
துணியைவிட்டு நெளிந்து வருவது
நீந்தத் தெரியாமல் அடியில் போய்ச் சேரும்.

விடிய, கவ்வியைத் தளர்த்தி ஒரு துளி.
பதினொரு வருடம் அந்த வில்லையைத் துடைத்தவன்
ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.
அது பிள்ளைகளுக்கு உரியது.
குனிந்தேன்.
வெளிச்சத்துக்குள் ஒன்று துடித்தது,
வால்நுனியில் ழகரத்தின் கடைசிச் சுழியோடு.
வெறுக்கலாம் என்றுதான் குனிந்திருந்தேன்.
வெறுப்பதற்கு மிகவும் சின்னது.

கொழும்பு பஸ்ஸில் வந்தது மருந்து.
மூன்று கிழமை, நாளுக்கொரு தரம்,
பொடித்து, அவித்த சாளையில் பிசைந்து.
ஓட விடக்கூடாது. படி ஏற விடக்கூடாது.
"புழு சாகேக்க நாய்க்குக் கூடும்.
மூச்சு இழுத்தா எந்த நேரமும் எடுங்கோ."

ஐந்தாம் இரவு எடுத்தேன்.
மணலில் தோணி இழுபடும் சத்தம் அவன் நெஞ்சில்.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன்:
நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு.
ஊசி போட்டார். மறுபடி எண்ணச் சொன்னார்.
ஐம்பத்தொன்று.
நாற்பத்துநாலு.
எண்ணிக்கொண்டே நித்திரையாகிவிட்டேன்.

நேற்று
தபால்கந்தோர் மதிலடியில் ஒரு புள்ளிமான் நின்றது.
டிங்கி எழும்பினான்.
கயிறு கையில் இறுகியது.
குரைப்பு, முழுசாய், வந்து சேர்ந்தது.

நாளையிலிருந்து மீண்டும் மூன்று நாள் துணி கட்ட வேண்டும்.
துளி வெறுமையாய் இருந்தால்தான் நம்பலாம்.

"முள்ளு இறங்கிட்டுது பாத்தியோ?" என்கிறார் அந்தோனிமுத்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய நாயின் தட்டைக் கழுவி
கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.